இடப்பக்கச் சக்கரம்

தெருவில் அவரைப் பல் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற அச்சை வைத்துக்கொண்டு பல் செட் செய்து கொடுக்கும் ஒரு லேபில் அவருக்கு வேலை. அடுத்தவர் வாய்க்குள் போகப்போகிற சாமானைப் பல வருடமாக ராவி ராவிப் பழகியவர் என்பதால் வீட்டிலும் எதையும் அரைகுறையாக விடமாட்டார். அவர் கைபட்ட கதவுத் தாழ்ப்பாள்கூட ஒரு சத்தம் போடாது.

அவர் மனைவி பார்சல் கம்பெனியில் வேலை பார்த்தாள். லாரியில் வந்து இறங்கும் பெட்டிகளைத் தெருவாரியாகப் பிரித்துப் போடும் வேலை. விடியற்காலை ஷிப்ட். இருவருக்கும் பொதுவாக ஒரு வெள்ளைக் கார். காலையில் அவள் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டதும் அவர் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போவார். பிள்ளை இல்லாத வீட்டுக்கு அந்தக் கார்தான் செல்லப்பிள்ளை என்று அவள் தம்பி கிண்டல் செய்வான். அதில் பாதி நிஜம். காரை வாங்கும்போதே இரும்புச் சக்கரம் வேண்டாம், அலாய் வீல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வாங்கியவர் அவர். வாரம் தவறாமல் பல் தேய்க்கிற பிரஷை வைத்து அந்தச் சக்கரங்களின் இடுக்குகளைத் தேய்ப்பார்.

அப்படித் தேய்க்க உட்கார்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் முதல் சிராய்ப்பு கண்ணில் பட்டது. இடப்பக்க முன்சக்கரத்தின் விளிம்பில், கரண்டியால் சுரண்டியதுபோல வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். நடைபாதையின் ஓரக்கல்லில் உரசினால்தான் அப்படி ஆகும்.

"ஏம்மா, வண்டியை எங்கயாவது கல்லுல உரசினியா?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை.

அவள் யோசித்துப் பார்த்தாள். அப்படி எதுவும் நினைவில்லை. ஆனால் ஓட்டக் கற்றுக்கொண்ட நாள் முதல் ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவர் அவர். கம்பெனி வாசலில் இருட்டில் அவசரமாக நிறுத்துகிறவள் அவள். இரண்டு பேரில் யார் என்று கேட்டால் ஊரே அவளைத்தான் கைகாட்டும்.

"நானாத்தான் இருக்கும்" என்றாள். பேச்சு அதோடு முடியட்டும் என்றுதான் சொன்னாள்.

"போகட்டும் விடு. நம்ம கையில இருக்கு வேலை."

அன்று முழுக்க அந்த வேலைதான். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, கழற்றியதைக் கார் ஷெட்டில் ஒரு கவிழ்த்த டிரம்மின்மேல் படுக்க வைத்தார். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் பழைய சீட்டுக்கட்டின் அட்டைகளை வட்டமாகச் செருகினார். பெயின்ட் அடிக்கும்போது டயரில் படாமல் இருக்க. முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், அப்புறம் நைஸ் தாள், நடுவே பட்டி பூசி, அது காய்ந்ததும் மறுபடி தண்ணீர் விட்டுத் தேய்ப்பு. தேய்த்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். வாய்க்குள் இருக்கும் பல்லை நாக்கு எப்படிப் பார்க்கும், அப்படி விரல் பார்க்க வேண்டும் என்றார். பிரைமர், வெள்ளி நிற ஸ்பிரே, கடைசியில் மினுமினுப்புக்கு ஒரு கோட். டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்து அடித்தார். சாயங்காலம் மாட்டியபோது புதுச் சக்கரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த மாதமே பின்சக்கரத்தில் சிராய்ப்பு. அதுவும் இடப்பக்கம். அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் முன்சக்கரத்தில் மறுபடி. இப்போது அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காதே. கண்ணு சரியாத் தெரியுதா உனக்கு?"

"நல்லாத்தான் தெரியுது. பெட்டியில பொடி எழுத்துல இருக்கிற விலாசத்தை நாள் முழுக்க வேற யாரு படிக்கறாங்க?"

"அப்போ இது எப்படி?"

அன்றிலிருந்து அவள் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் இறங்கி, சுற்றி வந்து, குனிந்து இடப்பக்கச் சக்கரங்களைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். அவள் தம்பி வீட்டுக்கு வந்தபோது அவனும் சிரித்தான். "பிளாட்பாரத்து மேல உனக்கு அப்படி என்ன பாசம்கா? பாத்துப் பாத்துப் போய் ஒட்டிக்கறே." அவன் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவன். முட்டி போட்டே காலம் தள்ளுகிறவன். வாய்தான் கொஞ்சம் அதிகம். அத்தான்மேல் அவனுக்கு மிகுந்த மரியாதை. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் தூக்கம் வராத மனிதர்கள் உலகத்தில் இரண்டே பேர், அத்தானும் நானும் என்பான்.

நாளாக நாளாக விஷயம் சிரிப்பாக இல்லை. அவர் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கொஞ்ச நாளைக்கு நீ பஸ்ல போ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." அவள் சண்டை போடவில்லை. விடியற்காலைப் பேருந்துக்காக இருட்டில் நடந்தாள். சண்டை போடாததற்குக் காரணம் இருந்தது. இனி சிராய்ப்பு விழுந்தால் அது யார் என்று தானாகத் தெரிந்துவிடும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டாள்.

சிராய்ப்பு விழுந்தது. முன்னைவிட மோசமாக. விளிம்பு நெளிந்தே போயிருந்தது.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். பல நாளாகச் சேர்த்து வைத்திருந்த கேள்வி.

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். "நான் தூங்கும்போது எடுத்துட்டுப் போறியா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. கூடவே வாழ்கிற மனுஷி தன்னை ஏமாற்றுகிறாளே என்கிற வருத்தம். அதைப் பார்த்தபோது அவளுக்கே ஒரு கணம் தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் அந்தச் சந்தேகம் வந்ததற்காக அவர்மேல் அளவில்லாத ஆத்திரம் வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

அந்த நெளிந்த சக்கரத்தை அவர் கழற்றி, காருக்கு ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, டிரம்மில் வைத்தார். லேபிலிருந்து வந்ததும் ஷெட்டுக்குப் போய்விடுவார். ராவுகிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவர் ஷெட்டிலிருந்து கூப்பிட்டார்.

"இங்க வா. வந்து பாரு."

குரலில் பழைய உற்சாகம் இருந்தது. சமாதானத்துக்கு வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

சக்கரம் டிரம்மின்மேல் படுத்திருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வலப்பக்கப் பாதி கண்ணாடிபோல மின்னியது. அதில் அவர் சட்டையின் நிறம் தெரிந்தது. இடப்பக்கப் பாதி தொடவே படவில்லை. நெளிசலும் சிராய்ப்பும் பிரேக் தூசியின் கறுப்பும் அப்படியே இருந்தன. சீட்டு அட்டைகளும் வலப்பக்கம் மட்டும்தான் செருகியிருந்தன, பாதி வாய்க்கு மட்டும் பல் கட்டியதுபோல. பளபளப்பு நடுவில் கத்தியால் வெட்டியதுபோல நின்றிருந்தது.

"எப்படி?" என்றார். "புதுசு மாதிரி இல்ல?"

அவளுக்குப் புரிந்தது ஒன்றுதான். இது தனக்கான குத்தல். என் பங்கை நான் செய்துவிட்டேன், உன் பங்கு இதோ நீ செய்த லட்சணத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லாமல் சொல்கிறார். இப்படி உட்கார்ந்து பாடுபட்டு ஒருத்தியை அவமானப்படுத்த முடியுமா என்று இருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். "இதுக்கு என் மூஞ்சியிலயே ஸ்பிரே அடிச்சிருக்கலாம்."

"ஏன், என்ன ஆச்சு?"

அவள் உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே வந்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். வரவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தட்டில் பாதியைத் தின்றுவிட்டுக் கையை நக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வை. இன்னைக்கு என்ன இவ்வளவு கொஞ்சமாப் போட்டிருக்கே" என்றார். தட்டின் இடப்பக்கம் அவள் வைத்தது வைத்தபடி இருந்தது. கோடு போட்டதுபோலப் பாதி காலி, பாதி நிறைவு. அதையும் பிடிவாதம் என்றே எடுத்துக்கொண்டாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது அவள் கை நின்றது. பிடிவாதக்காரன் பசியோடு எழுந்திருப்பானா? அவர் உண்மையாகவே பசியோடு கேட்டார். வலது கன்னம் மழமழவென்று இருந்ததும், இடது கன்னத்தில் முடி முளைத்துக் கிடந்ததும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாலைந்து நாளாகவே அப்படித்தான் இருந்திருக்கிறது. பேசாமல் இருந்ததில் முகத்தைப் பார்க்காமலும் இருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஷெட்டுக்குப் போனாள். டிரம்மின் மேலிருந்த சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து அரைவட்டம் திருப்பி வைத்தாள். பெட்டி தூக்கிப் பழகிய கை, கஷ்டமில்லை. இப்போது மின்னுகிற பாதி இடப்பக்கம், சிராய்த்த பாதி வலப்பக்கம்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். சக்கரத்தைப் பார்த்ததும் துண்டு கையிலேயே நின்றது.

"யார் இதைத் தொட்டது?"

"ஏன்?"

"நேத்துத்தானே முடிச்சேன். மறுபடி எல்லாத்தையும் சுரண்டி வச்சிருக்காங்க. பட்டி, பெயின்ட் ஒண்ணுமே இல்ல." அவள் பக்கம் திரும்பினார். "நீயா?"

"இந்தப் பக்கம் பாருங்க. மின்னுதே, தெரியலையா?"

"எந்தப் பக்கம்?"

அவள் தன் கையை வெள்ளிப் பாதியின்மேல் வைத்துக் காட்டினாள். அவர் அவள் தோளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடியும் சிராய்ப்பைப் பார்த்தார். அவள் சக்கரத்தைத் திருப்பிப் பழையபடி வைத்தாள். அவர் முகம் மலர்ந்தது.

"ஆ, இதோ. சரியாத்தானே இருக்கு. நான் ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன்."

இது கண் சம்பந்தப்பட்டதா, புத்தி சம்பந்தப்பட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆணியில் தொங்கிய அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். தம்பிக்கு போன் செய்தாள்.

தம்பி வேலைக்குப் போகிற வழியில் வந்தான். முட்டிக்குக் கட்டுகிற ரப்பர் பட்டைகள் தோளில் தொங்கின. அவள் சக்கரத்தைக் காட்டினாள், தட்டைப் பற்றிச் சொன்னாள், கன்னத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "கண்ணாடி மாத்தணும்கா. இந்த வயசுக்கு எல்லாருக்கும் வர்றதுதான். இந்த பெயின்ட் வாசனையில மூடின ஷெட்டுக்குள்ள உக்காந்தா நமக்கே கிறுகிறுங்கும்" என்றான்.

"கண்ணாடி இல்லடா இது. ஒரு பக்கமே அவருக்கு இல்லடா."

"அது எப்படிக்கா ஒரு பக்கம் இல்லாமப் போகும்?"

அதை அவளால் விளக்க முடியவில்லை. அதற்குள் அவரே வெளியே வந்துவிட்டார். மனைவி தன்னைப் பற்றித் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருப்பது புரிந்ததும் முகம் இறுகியது.

"மச்சான், உங்க அக்கா வண்டியை உரசிட்டு அதை என் கண்ணு மேல போடறா. நீயே வந்து பக்கத்துல உக்காரு. முனை வரைக்கும் போய்ட்டு வருவோம். நான் எப்படி ஓட்டறேன்னு பாத்துட்டு அவகிட்டச் சொல்லு."

"வேணாம்" என்றாள் அவள். "மொதல்ல டாக்டரைப் பாப்போம்."

"முனை வரைக்கும்தானே அக்கா" என்றான் தம்பி. "நான் பக்கத்துலதான இருக்கேன். ஏதாவதுன்னா ஹேண்ட் பிரேக்கை இழுக்க மாட்டேனா?"

இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் சாவியை எடுத்தாள். பின்னால் எத்தனையோ முறை அந்த நேரத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறாள். பயம் இருந்தது, நிஜம்தான். பயத்துக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. தம்பி பார்க்கட்டும். நான் இல்லை என்று ஒரு ஆளாவது தன் கண்ணால் பார்க்கட்டும். அந்த ஆசைதான் சாவியைக் கொடுத்தது.

கார் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் அவள் வாசலில் நின்றாள். நேராகத்தான் போனது. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். சத்தம் அடுத்த தெருவிலிருந்து கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. பார்சல் கிடங்கில் ஒரு கனமான பெட்டி தவறி விழுந்தால் கேட்குமே, அப்படி.

நடந்ததைத் தம்பிதான் பின்னால் சொன்னான். அடுத்த தெருவில் இடப்பக்கம் ஒரு லாரி நின்றிருந்தது. பட்டப்பகல். வெயில். மஞ்சள் நிற லாரி, வீடு மாதிரிப் பெரியது. பின்கதவைக் கீழே இறக்கி வைத்துச் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். "அத்தான், லாரி" என்றான் அவன். "எங்க?" என்றார் அவர், அமைதியாக, ஏதோ கடையின் பெயர்ப்பலகையைக் கேட்பதுபோல. "இடது பக்கம் அத்தான், இடது பக்கம்." அவர் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அவன் பிரேக்கை இழுத்தான். அதற்குள் லாரியின் இறக்கிய கதவு காரின் இடது மூலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்து அவன் முட்டிக்குமேல் நின்றது.

அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. காரின் வலப்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கதவைத் திறந்து இறங்கி நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் மச்சான் கூட வந்தான். அவனைக் காணோம். யாராவது பாத்தீங்களா?"

அவருக்குப் பின்னால், நசுங்கிய கதவுக்குள் தம்பி இருந்தான். அவன் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

அத்தானும் மச்சானும் ஒரே ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தம்பியின் காலை முட்டிக்குமேல் எடுக்க வேண்டியதாயிற்று. முட்டி போட்டுப் பிழைக்கிறவனுக்கு முட்டி போயிற்று. அவன் மனைவி வராந்தாவில் அவளைப் பார்த்தாள், "அண்ணி" என்று ஆரம்பித்தாள், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அண்ணியிடம் பேசவே இல்லை.

மச்சானைக் காணோம் என்று அங்கேயும் கேட்டுக்கொண்டிருந்ததால் அவருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் இளம்பெண், நிதானமாகச் சொன்னாள். மூளையின் வலப்பக்கத்தில் கட்டி. அது இடப்பக்கத்து உலகத்தையே அழித்துவிடும். கண்ணில் குறையில்லை. கண் பார்த்துச் சொல்வதை மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஒரு பக்கம் காணாமல் போனதே அவருக்குத் தெரியாது.

"எவ்வளவு நாளா இருக்கும் டாக்டர்?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் வளந்திருக்கும். ஒரு வருஷமா சின்னச் சின்ன அறிகுறி தெரிஞ்சிருக்கணுமே. நீங்க எதுவும் கவனிக்கலையா?"

கவனித்தேன், அதற்குத் திட்டு வாங்கினேன் என்று வாய்வரைக்கும் வந்தது. "இல்ல" என்றாள்.

லேபின் முதலாளி பார்க்க வந்தார். பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு, அவளை வெளியே கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கொஞ்ச நாளாவே மாஸ்டர் செஞ்ச செட்டுல இடது பக்கம் பாலிஷே இருக்காதும்மா. பசங்களே எடுத்து முடிச்சு அனுப்பிடுவாங்க. இவ்வளவு நாள் வேலை பாத்த மனுஷன், சொன்னா மனசு கஷ்டப்படுவாரேன்னு நாங்க யாரும் வாயைத் திறக்கல."

அவள் தலையாட்டினாள். எல்லாரும் நல்லவர்கள். யாரும் அவர் மனதை நோகடிக்கவில்லை. நோகடிக்காமல் நோகடிக்காமல் லாரிவரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள்.

கட்டியில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். மீதியை எடுத்தால் ஆளே மிஞ்ச மாட்டார் என்றார்கள். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய் நன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அதுதான் பதில் என்று அவளுக்கு விளங்கியது. தலையில் கட்டோடு கண் விழித்தவர் முதலில் நர்ஸிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"என் சம்சாரம் வண்டி ஓட்டி இடிச்சிட்டாம்மா. நல்லவதான். ஓட்டத்தான் வராது."

நர்ஸ் திரும்பி அவளைப் பார்த்த பார்வையை அவள் வாங்கிக்கொண்டாள். யாரிடம் போய் என்னவென்று சொல்வது.

தம்பி மேல்மாடியில் இருந்தான். அவன் மனைவி வீட்டுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அவள் போவாள். முதல் சில நாட்கள் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். ஒருநாள் அப்படியே படுத்தபடி கேட்டான்.

"நீ ஏன்கா சாவியைக் குடுத்தே?"

"நீ கேட்டே."

"நான் ஆயிரம் கேப்பேன். உனக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சே."

அவள் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள். அதற்குக் கீழே ஒரு கால் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. பொய் சொல்ல முடியவில்லை.

"நீ பாக்கணும்னு நெனச்சேன்டா. நான் இல்லன்னு நீயாவது பாக்கணும்னு."

"பாத்துட்டேன்" என்றான் அவன். அழுதானா என்று தெரியவில்லை. அவளுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது.

கீழே வார்டில் அவர் கட்டிலுக்கு வலப்பக்கம் கதவு. இடப்பக்கம் ஜன்னலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும். திரையை இழுக்க ஒருநாள் அந்தப் பக்கம் போனவள், அசதியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இருமினாள். அவர் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் தான் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. முதலில் அது பயமாக இருந்தது. பிறகு அவள் தினமும் கொஞ்ச நேரம் அங்கே போய் உட்கார ஆரம்பித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டுவாள். தலைமுடியை அவிழ்த்துவிடுவாள். சிரித்த முகமாக இருக்க வேண்டியதில்லை. சில நாள் சத்தமில்லாமல் அழுவாள். சில நாள் அவர்மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் முகத்தில் காட்டியபடி அவரையே பார்த்துக்கொண்டு இருப்பாள். பாவம் என்றும் தோன்றும். இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றும். அப்புறம் எழுந்து, கட்டிலைச் சுற்றி, அவருக்குத் தெரிகிற பக்கம் வருவாள்.

வீட்டுக்கு அனுப்பப்போகிற வாரம், ஒரு சாயங்காலம், அவர் கண்ணயர்ந்திருந்த நேரத்தில் தம்பி சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வார்டுக்குள் வந்தான். அடிபட்ட பிறகு அவன் அவரைப் பார்க்க வருவது அதுதான் முதல் தடவை. ஜன்னல் ஓரம் அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அந்தப் பக்கமே வந்தான். அவள் பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி நீட்டினாள். இருவரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

அவர் விழித்தார். கதவைப் பார்த்தார். தண்ணீர் ஜாடியைப் பார்த்தார். ஆள் யாரும் இல்லை என்று நினைத்தோ என்னவோ, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்.

"மச்சான் வந்து பாக்கவே இல்ல. கோவமா இருக்கானோ என்னமோ."

தம்பியின் கையில் மூடி அசையாமல் நின்றது. அக்காவைப் பார்த்தான். அவள் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் மூடியை அவளிடம் கொடுத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினான். கட்டில் காலில் ஒருமுறை இடித்து, சரிசெய்து, சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான்.

"வந்துட்டேன் அத்தான்."

"வா மச்சான், வா." முகம் நிஜமாகவே மலர்ந்தது. அப்புறம் கண் கீழே இறங்கியது. "ஐயோ, கால் என்னடா ஆச்சு? அவ ஓட்டினதுலயா?"

"அக்கா ஓட்டல அத்தான். நீங்கதான் ஓட்டினீங்க. நான் பக்கத்துல இருந்தேன்."

சத்தம் போடாமல்தான் சொன்னான். ஜன்னல் பக்கம் அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதமாக ஒரே ஒரு ஆள் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஏங்கிய வார்த்தை. இப்போது அதைக் கேட்கும்போது நெஞ்சு லேசாகவில்லை.

"நானா?" அவர் சிரித்தார். சிறுபிள்ளை சொன்ன பொய்யைக் கேட்டுச் சிரிப்பதுபோல, அன்பாக. "எத்தனை வருஷமா ஓட்டறேன், ஒரு கீறல் உண்டா? உங்க அக்காவைக் காப்பாத்தறே. நல்ல தம்பிடா நீ."

அவர் கையை நீட்ட, தம்பி அதைப் பிடித்துக்கொண்டான்.

"அவ எங்க?" என்று கேட்டார் அவர்.

"இங்கதான் இருக்கா அத்தான்."

அவர் கதவைப் பார்த்தார். கைகழுவுகிற தொட்டியைப் பார்த்தார். அடுத்த கட்டிலைப் பார்த்தார். "இல்லையேடா" என்றார்.

அவள் முடியை அள்ளி முடிந்துகொண்டாள். செருப்பைக் காலால் துழாவி மாட்டினாள். கட்டிலின் கால்மாட்டைச் சுற்றி நடந்து அவர் பார்வைக்குள் வந்து நின்றாள்.

"எங்க போயிட்டே இவ்வளவு நேரம்?"

"டீ வாங்கப் போனேன்" என்றாள்.